செங்கல்லா, வானூர்தியா?

இலக்கணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து இன்று மகிழுந்துகளைப் பற்றி எழுதுகிறேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் பக்கத்துப் புளோக்கில் வசிக்கும் என் தாய்மாமன், முப்பதாண்டுக்கும் மேலாக வாகனப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய சுவீடன் மகிழுந்தொன்றை வாங்கிப் பேண வேண்டுமென்பது அவர் ஆசை. மாமா நாடுவது வோல்வோ 240 டர்போ. அவர் மகன் பரிந்துரைப்பது சாப் 900 டர்போ. அத்தைக்கோ இரண்டும் வேண்டா! தீர்ப்புரைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

டர்போ என்பது யாது? வகுப்பில் சொல்வதுபோல் சொன்னால், வீணே வெளியேறும் புகையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியைக் கொண்டு எந்திரத்துக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது. காற்று மிகுந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். சிறிய எந்திரம் பெரியதன் வேலையைச் செய்யும்.

வானூர்தி கட்டுவதற்கென 1937இல் தோன்றிய சாப் நிறுவனம், 1977இல் 99 டர்போவை பிராங்பர்ட் கண்காட்சியில் வைத்தது. டர்போ அதற்கு முன்பே உண்டு. ஆயினும், குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை கிடைக்குமாறு அமைத்து, அன்றாடக் குடும்ப வண்டிக்கு அதைப் பொருத்தமாக்கியது சாப்பின் அருஞ்செயல். 1979இல் ஸ்டிக் புளோம்குவிஸ்ட் அவ்வண்டியில் சுவீடன் ராலியை வென்றார். அதன் வழிவந்ததே 900. சாவித் துளைகூட முன்னிருக்கைகளுக்கு நடுவே இருக்கும்!

வோல்வோவோ தன் பெட்டி வடிவத்தை மாற்றாமலே 2.1 லிட்டர் எந்திரத்தில் டர்போவைச் சேர்த்து 155 குதிரைத்திறன் பெற்றது. 'பறக்கும் செங்கல்' என்று பெயரெடுத்த அது, 1985இல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயத் தொடரை வென்றது.

வரலாற்றுச் சிறப்பை மட்டும் நோக்கினால் என் வாக்கு சாப்புக்கே. ஆனால் வாங்கப்போகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டுமன்றோ? சாப் 900இல் கியர்பெட்டி எந்திரத்தின் அடியில் அமைந்துள்ளது. டர்போ வண்டிகளில் அதுவே நலிந்த உறுப்பு. கிளட்ச்சை எந்திரத்தை இறக்காமலே மாற்றலாம். கியர்பெட்டிக்கு அவ்வசதி இல்லை. மாமாவின் முழங்காலும் வீவக வாகன நிறுத்துமிடமும் அதற்கு இடந்தரா. சாப் மகிழுந்து நிறுவனம் 2011இல் நொடித்துப்போனதையும் எண்ண வேண்டும். 240 வகையோ 1993 வரை இருபது இலட்சத்துக்கும் மேலாக உருவானது. பாகங்கள் கிடைக்கும், மாமாவின் கைகளுக்கும் பழக்கமானவை.

வோல்வோவும் குறையற்றதன்று. 1980களில் வந்தவற்றில் எந்திரத்தைச் சுற்றிய மின்கம்பிகளின் உறை, வெப்பத்தில் பொடிந்து உதிரும். நம் ஊர் வெப்பத்தில் சொல்லவே வேண்டா. இங்கே 35 ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிந்தால் ஆண்டில் வரையறுத்த நாள்களே ஓட்டலாம். எஞ்சிய நாளெல்லாம் ஈரக்காற்றில் நிற்கும். ஆகவே வெளிப்பூச்சில் மயங்காமல், மூடியைத் திறந்து கம்பிகளை வளைத்துப் பார்த்த பிறகே விலை பேசுமாறு மாமாவிடம் சொன்னேன்.

“அதை நீ எனக்குச் சொல்கிறாயா?” என்று சிரித்தார் மாமா. மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வாகன உரிமைச் சான்றிதழ், சாலைவரி, காப்புறுதி என்று அத்தை தனியே கணக்கெழுதி வருகிறார். அது இரண்டாம் பக்கத்தை எட்டிவிட்டது.