வடிந்த நீரும் காயாத ஈரமும்

அன்பிற்குரிய சபையாரே,

2024 டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் நான் கூறிய சாட்சி உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். வெள்ள நீரில் நின்ற என் கார் ஒரு குறையுமின்றி மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது என்று அன்று மகிழ்ச்சியோடு அறிவித்தேன். நீங்களும் என்னோடு சேர்ந்து நன்றி செலுத்தினீர்கள். அந்தச் சாட்சி அவசரமானது. அதன் மறுபாதியை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நாம் எளிதில் மறக்க இயலாது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. அந்தத் துயரத்தின் முன் ஒரு காரின் கதை மிகச் சிறியது. ஆயினும் அது எனக்குக் கற்பித்த பாடம் சிறியதன்று.

டிசம்பர் 1 அன்று திருமலையில் ஒரு துக்க வீட்டிற்குச் சென்றிருந்தேன். மழை விடாததால் அங்கேயே தங்கினேன். சமணர் குன்றின் அடிவாரத்துத் தாழ்வான முற்றம் ஒன்றில் கார் நின்றது. விடிந்து பார்த்தபோது, இருக்கையின் கீழ் விளிம்பு வரை கலங்கல் நீர்.

ஆரணியில் எனக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, "சாவியைத் திருகிவிடாதீர்கள் ஐயா" என்பதுதான். காரணத்தையும் விளக்கினார். எஞ்சினின் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல் அது அழுந்தாது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். மின்கம்பிகளுக்குள் நீர் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், பிழைத்திருக்கக்கூடிய பாகங்களும் கருகும். ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றச் சொன்னார். நீர் நின்ற உயரம் தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்கச் சொன்னார். நீரில் நின்ற வண்டியை இயக்கிப் பார்த்ததால் எஞ்சின் கெட்டால், அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராதவர்களுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் இருத்துங்கள்.

அவர் சொன்னவற்றையெல்லாம் கேட்டேன், ஒன்றைத் தவிர. வண்டியை இழுத்துவந்து, எஞ்சினுக்குள் நீர் புகவில்லை என்று உறுதிசெய்து, கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் உலர்த்தினோம். கார் கிளம்பியது. "இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும் ஐயா. இரண்டு நாள் வேலை" என்றார் தம்பி. கிறிஸ்துமஸ் கீதபவனி தொடங்கும் நேரம் அது. "பண்டிகை முடியட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரங்கள் கடந்தன. நம் சபையின் மூத்த நெசவாளர் ஒருவரின் மனைவியை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று திரும்பிக்கொண்டிருந்தேன். கண்ணமங்கலத்தை நெருங்கும்போது முகப்பு விளக்குகள் மங்கின. மீட்டரில் இருந்த எச்சரிக்கை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் நின்றது. பின்னால் லாரிகள் வரும் இருட்டுச் சாலையில், நோயுற்ற தாயுடன், விளக்கில்லாத காரில் நின்றோம். ஓரமாகத் தள்ளி நிறுத்தும் வரை என் கைகள் நடுங்கியதை மறைக்க மாட்டேன்.

உதவி வர ஒன்றரை மணி நேரமானது. இருட்டில் அந்தப் பெரியவர் மெதுவாகப் பேசினார். "எங்கள் தறிக்குழியும் இப்படித்தான் ஐயா. தண்ணீர் அன்றைக்கே வடிந்துவிட்டது. ஈரம் இன்னும் போகவில்லை. அதில் காலை வைத்து உட்கார முடியவில்லை, பாவும் ஈரம் இழுக்கிறது. மூன்று வாரமாகத் தறி நிற்கிறது."

நான் திடுக்கிட்டேன். டிசம்பர் முதல் வாரத்திலேயே அவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். "தண்ணீர் வடிந்துவிட்டதா?" என்று கேட்டேன். "வடிந்துவிட்டது ஐயா" என்றார். அரிசியும் போர்வையும் கொடுத்து, ஜெபித்துவிட்டு வந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

மறுநாள் தம்பி வண்டியைச் சோதித்தார். ஸ்கேனர் கருவி ஐந்தாறு கோளாறுகளைப் பட்டியலிட்டது. அத்தனை சென்சார்களையும் மாற்ற வேண்டுமோ என்று கலங்கினேன். அவர் சிரித்தார். "ஒரே நாளில் ஐந்தாறும் கெடாது ஐயா. எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் எது என்று பார்க்க வேண்டும்." முகப்பு விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதைக் காரின் உடல் இரும்பிலும் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் அங்கே 0.2 வோல்ட்டுக்குக் குறைவாகவே காட்டும். எங்கள் வண்டியில் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பல பாகங்களின் மின்சாரம் திரும்பி வந்து சேரும் எர்த் போல்ட்டில் துரு ஏறியிருந்தது. திரும்பும் வழி அடைபட்டதால், நல்ல சென்சார்களும் தவறான அளவைச் சொல்லியிருக்கின்றன.

பிறகு தரைவிரிப்பைத் தூக்கினார். மேலே கை வைத்தால் உலர்ந்திருந்தது. அடியிலிருந்த பஞ்சைப் பிழிந்தால் நீர் சொட்டியது. அங்கே ஓடிய கம்பிகளின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மின்கம்பியின் மெல்லிய செம்பு இழைகள் ஈரத்தை உறைக்குள்ளே இழுத்துக்கொண்டு போகுமாம். அழுக்கு நீரும் மின்னோட்டமும் சேரும் இடத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுமாம். நாள்தோறும் நான் மகிழ்ச்சியாக வண்டி ஓட்டிய அந்த இரண்டு வாரமும், கீழே இதுதான் நடந்துகொண்டிருந்தது.

இருக்கைகள் வெளியே வந்தன. பஞ்சு முழுவதும் உலர்ந்தது. போல்ட்டின் துருவைத் தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதற்குரிய ஸ்பிரேயால் துடைத்தார். அரித்துப்போன இரண்டை மாற்றினார். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் கம்பிகளைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது என்றும் எச்சரித்தார். நான் தள்ளிப்போட்ட அதே இரண்டு நாள் வேலை. புதிய சென்சார் ஒன்றும் தேவைப்படவில்லை.

அன்று மாலை நான் அந்த நெசவாளர் வீட்டிற்குச் சென்றேன். இம்முறை முன்னறையில் அமரவில்லை. தறிக்குழியில் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து ஈரமாக இருந்தது. நம் வாலிபர்கள் அந்த வாரம் ஈர மண்ணை வெட்டி எடுத்து உலர் மணல் நிரப்பியதும், தறி ஓடாத நாள்களுக்கு நீங்கள் காணிக்கை சேர்த்ததும் உங்களுக்குத் தெரியும். அது எதனால் தொடங்கியது என்பது இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. நின்றுபோன ஒரு காரில், இருட்டில் தொடங்கியது.

பிரியமானவர்களே, இழப்பு ஒன்றைக் கடந்தவரிடம் நாம் "சரியாகிவிட்டதா?" என்று கேட்கிறோம். அவரும் "ஆகிவிட்டது" என்கிறார். வண்டி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, நாமும் நன்றி செலுத்திவிட்டு நகர்கிறோம். சில வாரங்கள் கழித்து அவர் காரணமின்றிக் கோபிக்கிறார், வேலையில் தவறுகிறார், ஆராதனைக்கு வருவதை நிறுத்துகிறார். ஐந்து குறைகளை நாம் எண்ணிக் காட்டுகிறோம். அடியில் ஒரே ஒரு இடத்தில் ஈரம் காயாமல் இருக்கலாம்.

இந்த வாரம், வெள்ளம் கடந்துபோன ஒரு வீட்டிற்கு மறுபடியும் செல்லுங்கள். அது மழை வெள்ளமாக இருக்க வேண்டியதில்லை. மரணமோ, கடனோ, நோயோ ஆக இருக்கலாம். முதல் வாரத்தில் எல்லோரும் வந்துபோயிருப்பார்கள். நீங்கள் மூன்றாம் வாரத்தில் செல்லுங்கள். அமர்ந்திருங்கள். விரிப்பைத் தூக்கிப் பார்க்கும் பொறுமையைத் தேவன் நமக்குத் தருவாராக.

அன்புடன்,
உங்கள் போதகர்