சிவப்புக் கோடு விழாத தப்பு

சித்தன்னவாசல்னா உங்களுக்கு ஓவியம் ஞாபகம் வரும். எனக்கு ஒரு அப்பத்தாவோட கால் ஞாபகம் வரும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு சுகர், பிரஷர் முகாம் போட்டோம். நோட்டுல எழுதினதை ராத்திரி நானே லேப்டாப்புல ஏத்தினேன். பேர் இல்லாம டோக்கன் நம்பர் மட்டும். நண்பன் ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருந்தான். ஃபைலைக் கொடுத்தா சுகர் 200-ம் அதுக்கு மேலயும் உள்ளவங்களைத் தனியா பிரிச்சுத் தரும். அவங்களை உடனே கூப்பிடணும், அதுதான் திட்டம்.

ஜேசன்னு ஒரு ஃபைல் வகை. டோக்கன், வயசு, சுகர், பிரஷர்னு ஒவ்வொண்ணும் கமா போட்டு, அடைப்புக்குறிக்குள்ள வரிசையா இருக்கணும். விஎஸ் கோட்ல திறந்தா தப்பான இடத்துல சிவப்புக் கோடு போடும். இதுல ஒரு வேடிக்கை: கமா விட்டது மேல் வரியில இருக்கும், கோடு கீழ் வரியில விழும். ஹார்ட் அட்டாக்குக்கு இடது கை வலிக்கிற மாதிரிதான். கோடு விழுந்த இடத்தையே முறைச்சுப் பார்த்து அரை மணி நேரம் போச்சு எனக்கு.

ஸ்கீமான்னு ஒரு விதிப் பட்டியலும் எழுதி வைக்கலாம். சுகர்னா எண்ணா இருக்கணும், 20-லிருந்து 600-க்குள்ள இருக்கணும், அவ்வளவுதான். மீறினா எடிட்டர் காட்டிக் கொடுக்கும். எல்லாம் சரி பண்ணி, ஒரு கோடுகூட இல்லாம ஆனப்ப ஆபரேஷன் முடிச்ச பெருமிதம். போய்ப் படுத்துட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு நர்ஸ் அக்கா நோட்டோட வந்தாங்க. “சார், கால்ல புண்ணோட வந்த அப்பத்தாவைக் கூப்பிடவே இல்லையே?”

நோட்டுல 410. ஃபைல்ல 140. விரல் இடம் மாறிடுச்சு. 140-ம் எண்தான், 20-க்கும் 600-க்கும் நடுவுலதான் இருக்கு. எடிட்டர் எதுக்குக் கோடு போடும்?

2020 அக்டோபர்ல இங்கிலாந்துல நடந்தது தெரியுமா? பழைய எக்செல் வடிவத்துல 65,536 வரிக்கு மேல இடம் கிடையாது. மிச்சம் கழண்டுபோய் 15,841 கொரோனா கேஸ் அன்றாடக் கணக்குல விட்டுப்போச்சு. பெரிய இடத்துலயே அப்படின்னு என்னை நானே தேத்திக்கிட்டேன். தேறலை.

அன்னிக்கே ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்தோம். விரல் இடுக்குல சீழ். இன்சுலின் ஆரம்பிச்சு, புதுக்கோட்டைக்கு அனுப்பினோம். விரலை எடுக்க வேண்டி வரலை. அதுல என் சாமர்த்தியம் ஒண்ணும் இல்ல, அக்காவோட ஞாபகசக்தி. அப்பத்தா என்னைத் திட்டக்கூட இல்ல, “நீங்க கூப்பிடாததால ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன் தம்பி”ன்னாங்க.

இப்ப கோடெல்லாம் போனதுக்கு அப்புறம், அக்கா நோட்டைப் பார்த்து சத்தமா வாசிப்பாங்க, நான் ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்வேன். போன முகாம்ல 38 பேர். ரெண்டு எண் மாறியிருந்துச்சு. ரெண்டும் நான் அடிச்சது.