செம்மண்ணும் இசைத்தட்டும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது தொலைவில் இணுவிலை அடைவர். நாதசுரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாக முழங்கிய ஊர். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியை ஈன்ற மண். இத்தகைய ஊர்களில் பழைய இசைத்தட்டுகளைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர்.

ஆயின் இங்கு அவற்றுக்குப் பகை இரண்டு. தோட்டத்துக்கு உகந்த செம்மண், சோளகம் வீசுங்கால் தூசியாகி வீட்டினுள் புகும். அண்மையில் உள்ள கடலின் உப்புக்காற்றோ, செம்புக் கம்பியின் முனையிலே களிம்பை ஏற்றும்.

இசைத்தட்டின் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே. ஆதலால் ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி குறுகியதாகவும், உட்கம்பியைச் சுற்றி உலோக வலையுறை உடையதாகவும் இருத்தல் வேண்டும். மின்சார வயரோடு அதனைச் சேர்த்துக் கட்டலாகாது. மெல்லிய எர்த் வயரை ஒலிபெருக்கியில் இணைக்காவிடின் வண்டின் ரீங்காரம் போன்ற இரைச்சல் எழும். முனைகளுக்குப் பொன்முலாம் இருப்பின் நன்று. அதற்குமேற் கம்பிக்குப் பெரும்பொருள் செலவிடல் வீண். எஞ்சிய பணத்தில் நல்ல ஊசியும் மென்மையான தூரிகையும் வாங்குக.

மின்சாரமற்ற 1990களில் சைக்கிள் டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, மிதித்து மிதித்து வானொலி கேட்டவர் நம்மவர். கம்பியின் அருமையை அவர்க்கு உரைத்தல் வேண்டா. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கனத்த இசைத்தட்டுகளை யார் சுமந்திருக்க இயலும்? எஞ்சியவற்றைத் தூசி துடைத்து, நிமிர்த்தி அடுக்கி, பிள்ளைகளுக்குக் கேட்பித்தல் நம் கடன்.