கணினிக் கொத்தும் கண்டெய்னர் யார்டும்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டியின் கதவில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு எண்களும் பெரிதாக எழுதியிருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும், நான்காவது வகையைச் சொல்லும். பிறகு ஆறு எண்கள் வரிசை எண். கடைசி எண் சரிபார்ப்பதற்கு. இந்த எண் உலகில் வேறு எந்தப் பெட்டிக்கும் கிடையாது. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு யார்டில் தேடினால் பொழுது சாய்ந்துவிடும்! எந்த பிளாக், எந்த வரிசை, எத்தனையாவது அடுக்கு என்றும் தெரிய வேண்டும். பெயர் வேறு, நிற்கும் இடம் வேறு. இரண்டையும் இணைக்கும் பதிவேடு தப்பானால், பெட்டி பத்திரமாக இருந்தும் காணாமல் போனதற்குச் சமம்.

பல கணினிகளை இணைத்து ஒரே பெரிய கணினிபோல வேலை வாங்கும் 'கிளஸ்டர்', அதாவது கணினிக் கொத்து, இதே கணக்கில்தான் நடக்கிறது. 1994ல் நாசாவின் காடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் சாதாரணக் கணினிப் பாகங்களையும் ஈதர்நெட்டையும் வைத்து 'பியோவுல்ஃப்' என்ற கொத்தை உருவாக்கினார்கள். நம் ஊர்ப் பக்கமும் சும்மா இல்லை. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளை இணைத்து 'கப்ரு' என்ற கொத்தை அமைத்தது. 2004ல் அது உலகின் அதிவேகமான 500 கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது.

இவ்வளவு கணினிகள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காணும்? ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 12 இலக்க 'மேக்' முகவரி உண்டு. முதல் ஆறு இலக்கம் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். இது கண்டெய்னர் எண் மாதிரி. ஐ.பி. முகவரி என்பது யார்டில் நிற்கும் இடம்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எட்டுப் பழைய கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைமைக் கணினிக்கு 192.168.10.1, மற்ற ஏழுக்கும் 192.168.10.11 முதல் 17 வரை கொடுக்கலாம். 192.168 என்று தொடங்குபவை உள் உபயோகத்துக்கென்றே 1994ல் ஒதுக்கிவைக்கப்பட்டவை. 255.255.255.0 என்று மாஸ்க் கொடுத்தால் 254 கணினிகள் வரை இந்த ஒரே தெருவில் குடியிருக்கலாம்.

டி.ஹெச்.சி.பி. தானாகவே முகவரி கொடுக்குமே, அது போதாதா? வீட்டுக்குப் போதும். கொத்தில், நேற்று 13ல் இருந்த கணினி இன்று 16க்குப் போய்விட்டால் தலைமைக் கணினி வேலையை யாரிடம் கொடுக்கும்? அதனால் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் இன்ன ஐ.பி. என்று நிரந்தரமாக எழுதிவிட வேண்டும்.

தலைமைக் கணினிக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள் தேவை. ஒன்று வெளியே கல்லூரி நெட்வொர்க்கைப் பார்க்கும், மற்றொன்று உள்ளே கொத்தைப் பார்க்கும். முகவரி கொடுக்கும் வேலையை உள் கார்டில் மட்டும் நடத்த வேண்டும். மாற்றிச் செய்தால் முதல்வர் அறைக் கணினிக்கும் கொத்தின் முகவரி போய், கல்லூரியில் பலருக்கு இணையம் நின்றுவிடலாம்!

இன்னொரு பொல்லாத விஷயம் உண்டு. டெபியன், உபுண்டு லினக்ஸை நிறுவும்போது, ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் சொந்தப் பெயருக்கு நேராக 127.0.1.1 என்று எழுதிவிடும். 127ல் தொடங்கும் முகவரிக்கு 'நானேதான்' என்று பொருள். "உன் முகவரி என்ன?" என்று கேட்டால் "என் வீடு" என்று ஒருவர் சொன்னால் எப்படி? கேட்டவர் தன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவார். கம்பி சரி, சுவிட்ச் சரி, பிங்கும் போகிறது. ஆனால் கணக்கு மட்டும் நகராமல் நிற்கும். அந்த வரியை எடுத்துவிட்டு, எட்டுக் கணினிகளின் பெயர்களும் உண்மையான முகவரிகளும் உள்ள ஒரே பட்டியலை எட்டிலும் எழுதினால் சரியாகிவிடும்.

லினக்ஸ் இலவசம். கணினிகளோ ஓரங்கட்டப்பட்டவை. செலவாவது மாணவர்களின் மாலை நேரம்தான். ஒரு வரித் தப்பால் நாலு நாள் போனால், "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று கம்பியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றியதை மறுபடி மாட்ட ஆள் கிடைப்பது கஷ்டம்.

பேரேட்டில் பக்க எண் போடாமல் கணக்கு எழுதக் கூடாது என்பது வணிகவியலில் முதல் பாடம். கொத்துக்கும் அதுவே பொருந்தும். கம்பி மாட்டும் முன்பே ஒரு தாளில் பெயர், மேக், ஐ.பி. என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பிவிடுங்கள். அந்தத் தாளைத் தலைமைக் கணினிக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டிவையுங்கள், அடுத்த வருடம் வருகிற மாணவர்களுக்கும் உதவும்.