வெளிச்சத்தோடு வந்த இரைச்சல்

காசிமேட்டு விசைப்படகுகளை ஆற அமரப் பார்க்க மீன்பிடித் தடைக்காலம்தான் சரியான நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவை கடலுக்குப் போகாது. ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். இறங்கியதுமே பெயின்ட், டீசல், கருவாடு எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறின.

குண்டு பல்புகளைக் கழற்றி எல்இடி மாட்டிக்கொண்டிருந்த ஒரு படகில் ஏறினேன். வெளிச்சம் காட்டி மீனை இழுக்கிற ராட்சத எல்இடி வேறு. அதற்கு மத்திய அரசு 2017-லேயே தடை போட்டுவிட்டது. இவை வெறும் மேல்தட்டு விளக்கும் அடையாள விளக்கும்தான்.

"பேட்டரி இனிமே இறங்கவே இறங்காது சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். மீட்டரை வைத்துக் காட்டச் சொன்னேன். மிச்சமிருந்த 25 வாட் பல்பு 2 ஆம்பியர் இழுத்தது. எல்இடி கால் ஆம்பியர். நாலு விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் பழையதற்கு 80 ஆம்பியர்-மணி, புதியதற்கு 10. எஞ்சினை நிறுத்திவிட்டு நங்கூரத்தில் கிடக்கும் ராத்திரிகளில் இது பெரிய லாபம். அதுவரைக்கும் அவர் சொன்னது சரி.

பொழுது சாய்ந்ததும் கரையில் ஐம்பதடி தள்ளி நின்று பார்த்தேன். வலப்பக்கப் பச்சை விளக்கு நீலம் பாய்ந்து தெரிந்தது. இடப்பக்கச் சிவப்பு சோகை பிடித்திருந்தது. வெள்ளை எல்இடியில் சிவப்பு ஒளி குறைவு. கண்ணாடி என்ன நிறமோ அந்த நிற எல்இடியைத்தான் உள்ளே போட வேண்டும்.

கேபினுக்குள் விஎச்எஃப் ரேடியோ ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

"அது ஏரியல் சார், உப்பு புடிச்சிக்குது."

எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். பேச்சில்லாத ஒரு சேனலில் வைத்து, இரைச்சல் சரியாக அடங்கும் இடம்வரை ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பினோம். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். ஏரியலுக்கு அடியில் இருந்த கம்ப விளக்கு எரிந்ததுமே இரைச்சல் திரும்பிவிட்டது. அணைத்தால் அடங்கியது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் விடுத்த எச்சரிக்கையில் இருந்த சோதனைதான் இது. எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதற்கு நல்ல வடிகட்டியும் உலோக உறையும் இல்லையென்றால் விளக்கு வயரே ஏரியலாகிவிடும்.

காது வலிக்கிறதே என்று பலரும் குமிழை இன்னும் திருகி இரைச்சலை அடக்கிவிடுவார்கள். அதோடு தூரத்துப் படகின் மெல்லிய குரலும் அடங்கிப்போகும். பக்கத்துப் படகோடு வழக்கம்போலப் பேச முடிவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

மாட்டியிருந்த விளக்கு 220 ரூபாய். வடிகட்டி வைத்தது 1,900 ஆகுமாம். உரிமையாளர் போனிலேயே முடிவு சொன்னார்: கம்பத்தில் மட்டும் பழைய குண்டு பல்பே இருக்கட்டும். மாட்டினார்கள், இரைச்சல் இல்லை. சோகைச் சிவப்பையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன்.

"எரியுதுல்ல சார்?" என்றபடி ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டார்.