கொட்டகைக் கொல்லை

எங்கள் ஊரில் தார் ரோட்டை ஒட்டி 70 சென்ட் மேட்டு நிலம் எங்களுக்கு இருக்கிறது. பட்டாவில் அதற்கு சர்வே எண் மட்டும்தான். ஊர்வாயில் அதன் பெயர் ‘கொட்டகைக் கொல்லை’. இன்றைய பையன்கள் அங்கே மாட்டுக் கொட்டகை இருந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே இருந்தது சினிமாக் கொட்டகை. டூரிங் டாக்கீஸ்.

லால்குடிக்குக் கிழக்கே வாய்க்கால் பாசன ஊர் எங்களுடையது. மற்ற வயல்களில் சம்பா நெல். இந்தக் கொல்லை மட்டும் வாய்க்கால் மட்டத்துக்கு மேலே இருப்பதால் தண்ணீர் ஏறாது. புரட்டாசி மழையை நம்பிச் சோளம் விதைப்போம். தையில் சோளத்தட்டை அறுத்து முடித்ததும் நிலம் சும்மா கிடக்கும். ஊரில் அப்போதுதான் நெல் அறுவடையும் முடிந்து, எல்லார் கையிலும் நாலு காசு புழங்கும். மாசி பிறந்தால் கொட்டகைக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வருஷம் எங்கள் ஊர், மறு வருஷம் பக்கத்து ஊர்.

அப்பா கேட்ட வாடகை மாதம் நாற்பது ரூபாயும், வீட்டுக்கு இலவசப் பாஸும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. போகும்போது மூங்கில் நட்ட குழிகளை மூடி, கொட்டிய மணலை அள்ளிப்போட்டு, நிலத்தை உழவு ஓட்டும்படி விட்டுப் போக வேண்டும். மக்கிய கீற்றை அங்கேயே போட்டுவிடலாம். அது எங்கள் எருக்குழிக்கு.

இந்த ஊர் ஊராகப் போகும் சினிமாவுக்குப் பிறந்த வீடு எங்கள் திருச்சிதான். 1905-ம் ஆண்டு இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில மௌனப் படங்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் சொந்த ஊரான கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் தியேட்டரைக் கட்டினார். அது பிறகு டிலைட் என்று பெயர் மாறியது. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அதே 1914-ல் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ படத்தோடு திரை தமிழ் பேச ஆரம்பித்தது. நகரங்களில் செங்கல் தியேட்டர்கள் பெருகின. கிராமத்துக்கு வந்தது கீற்றுக் கொட்டகைதான்.

கொட்டகைக்கு வேண்டிய கீற்றை எங்கள் ஊர்ப் பெண்களே முடைந்து கொடுப்பார்கள். உள்ளே தரை டிக்கெட், பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவுக்குத் தட்டி. தரையில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் அது தனி நாற்காலி. பின்னால் இருப்பவர் சத்தம் போட்டதும் மேட்டைக் கலைக்க வேண்டும். டீக்கடையில் சிலருக்குத் தனிக் குவளை வைத்திருந்த காலம் அது. கொட்டகையில் காசுக்குத் தகுந்த இடம். யார் பக்கத்தில் யார் என்று கேட்க முடியாது. கூலி நெல்லாகக் கிடைத்த வீடுகளில், கடையில் படி நெல் அளந்து போட்டுச் சில்லறை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

பகலில் வெளிச்சம் உள்ளே வரும் என்பதால் ஆட்டம் இருட்டிய பிறகுதான், இரண்டே ஆட்டம். புரொஜெக்டரும் ஒன்றே ஒன்று. ஒரு சுருள் முடிந்தால் அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை; முறுக்கு, கடலை மிட்டாய், சோடா, கலர் விற்பவர்களுக்கு நல்ல யாவாரம். வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகளை எரிப்பார்கள். எரிந்து மிஞ்சிய துண்டும் அறுந்து விழுந்த பிலிமும் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, வேட்டியில் பிலிம் காட்டுவோம்.

படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் கட்டாயம். கட்டி முடித்த அணைகளையும் உரத் தொழிற்சாலைகளையும் நாங்கள் முதன்முதலில் பார்த்தது அதில்தான். குழாய் ஸ்பீக்கரில் சாமிப் பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அதுவே மணி. முறைத் தண்ணீர் இருக்கிற நாட்களில், இரண்டாவது ஆட்டம் விட்டதும் மண்வெட்டியோடு நேராக வயலுக்குப் போனவர்கள் உண்டு.

பயமும் இருந்தது. கீற்று, மூங்கில், மின்சாரக் கம்பி, பீடி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு கீற்றுக் கொட்டகை படம் ஓடும்போதே தீப்பிடித்து ஏராளமானோர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்ததற்குப் பிறகு வந்த மாசியில் அப்பா கொட்டகைக்காரரிடம், “பொம்பளைங்க பக்கம் இன்னொரு வழி விடுங்க. இல்லேன்னா இடம் இல்லை” என்று சொல்லிவிட்டார். அவரும் மறுக்காமல் விட்டார்.

டூரிங் கொட்டகை ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்க சட்டம் இடம் கொடுக்கவில்லை. உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். முடிந்தால் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். எப்படியும் ஐப்பசி மழையைக் கீற்றுக் கூரை தாங்காது. ஆவணியில் கொட்டகை போகும், புரட்டாசியில் ஏர் இறங்கும். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல், சோளமும் சினிமாவும் அந்த நிலத்தில் மாறி மாறி நடந்தன.

பிறகு டவுன் பஸ் அதிகமானது. கல்யாண வீடுகளில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள். பஞ்சாயத்து டி.வி. வந்தது, அப்புறம் வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது. 1986-ல் கடைசியாகக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனவர் மறுபடி வரவில்லை.

செங்கல் தியேட்டர்களும் தப்பவில்லை. மதுரை தங்கம் தியேட்டர் 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரியது என்று பேசுவார்கள். அதையும் இடித்து வணிகக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரை 1933 ஜூனில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் நியூஜெர்சியில் தொடங்கினார். 1950-களின் கடைசியில் அந்த நாட்டில் அவை நாலாயிரத்துக்கும் மேல் இருந்தன. ஊர் ஓரத்தில் ஏக்கர் கணக்கில் திறந்தவெளி வேண்டிய தொழில் அது. ஊர் வளர்ந்து நிலத்தின் விலை ஏறியதும், படம் காட்டுவதைவிட இடத்தை விற்பது லாபமாகிவிட்டது. பெரும்பாலானவை கடைகளும் வீடுகளுமாகிவிட்டன. இங்கே சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1991-ல் பிரார்த்தனா டிரைவ்-இன் வந்தபோது என் சித்தப்பா, “இதுல என்ன புதுசு? நம்ம கொட்டகைக்கு மாட்டு வண்டியில வந்து, வைக்கோலைப் போட்டு மாட்டை அவுத்துக் கட்டிட்டுப் படம் பார்க்கலையா?” என்றார்.

எங்கள் கொல்லைக்கும் அந்த விலை வந்துவிட்டது. ரோட்டோர இடம். பிளாட் போடுகிறவர்கள் இரண்டு வருஷமாக வீட்டுக்கு நடக்கிறார்கள். நிலம் எனக்கும் அக்காவுக்கும் பொது. நான் கொடுக்க வேண்டாம் என்றேன். அக்கா சொன்னது: “தம்பி, உனக்கு அந்த மண்ணு மேல ஆசை. எனக்குப் பேத்தி காலேஜ் பீஸ் கட்டணும். ஆசைய வச்சு பீஸ் கட்ட முடியுமாடா?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

நான் சொன்ன காரணம் சினிமா ஞாபகம் இல்லை. அந்த இடத்தைப் பலருக்கும் கொடுத்திருக்கிறோம், ஆனால் ஒவ்வொரு முறையும் நிலம் திரும்பக் கைக்கு வந்தது. கொட்டகை மணலைக் கொண்டுவந்தது, மணலோடு போனது. பக்கத்துக் கொல்லைக்காரர் செங்கல் சூளைக்குக் கொடுத்தார். மூன்று அடி மேல்மண் போனது போனதுதான். பிளாட் கல் நட்டுவிட்டால் அதில் திரும்ப ஏர் இறங்குவது எங்கே?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அக்கா பங்கை நானே, பிளாட்காரர் சொன்ன விலைக்குக் கொஞ்சம் குறைவாக, மூன்று அறுவடையில் மூன்று தவணையாகக் கொடுத்து எடுத்துக்கொள்வது. முதல் தவணை போன தையில் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது தவணை இந்தச் சம்பாவையும் அந்தக் கடலையையும் நம்பி நிற்கிறது.

கேள்வி-பதில் பகுதியில், ஆள் நடமாட்டத்தால் இறுகிய நிலத்தை என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்த நிலத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். நிலம் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஓட்டினேன். ஏக்கருக்கு 5 டன் கணக்கில் தொழுவுரம் போட்டேன். மழைக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதேன். இரண்டு முறை இப்படிச் செய்த பிறகு மண் பொலபொலத்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டினால் போதும்.

கடைக்கோ, பொருட்காட்சிக்கோ, செல்போன் டவருக்கோ நிலத்தை வாடகைக்கு விடுகிறவர்கள் எங்கள் அப்பாவின் நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மாதம், கான்கிரீட் போடலாமா கூடாதா, போகும்போது குழியை மூடி நிலத்தைச் சரிசெய்து தருவது யார் செலவு என்பதையெல்லாம் பத்திரத்தில் எழுதுங்கள். அப்பா வாய்வார்த்தையிலேயே வாங்கினார். அந்தக் கொட்டகைக்காரர் ஒருமுறைகூட வாக்குத் தவறியதில்லை. இன்றைக்கு இடம் கேட்டு வருகிறவரிடம் கையெழுத்தாகவே வாங்கிவிடுவது நல்லது.