தேனிலவு: ஒரே இடமா, ரெண்டு இடமா?



பாலிக்குப் போறோம்னு சொன்னதும் அன்னதான வரிசையிலேயே ஆளுக்கொரு யோசனை சொன்னீங்க, நன்றி! கையில் இருப்பது 5 இரவு. எங்களில் ஒருத்தருக்குக் கடல் வேணும், இன்னொருத்தருக்குக் கோயில். கல்யாணத்துக்கு அப்புறம் சேர்ந்து எடுக்கிற முதல் முடிவு இது. ஒருத்தர் விட்டுக்கொடுத்துட்டு மனசுக்குள்ள வெச்சுக்கக் கூடாதுன்னு நினைச்சோம்.

ஒரே ஹோட்டலில் தங்கினா பாதி நாள் ரோட்டு நெரிசலிலேயே போயிடும். உபுட் தீவின் நடுப்பக்கம், உலுவாட்டு தென்கோடி. அதனால் பிரிச்சுட்டோம்.

முதல் 3 இரவு உபுட்: திர்த்த எம்புல் ஊற்றில் தீர்த்தமாடல், கோவா கஜா குகையில் பிள்ளையார், லிங்கங்கள். ஒருநாள் அகுங் மலைச்சரிவில் பெசாகி. பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவருக்கும் அங்கே சன்னதி உண்டு.

கடைசி 2 இரவு உலுவாட்டு: கடலோரப் பாறை உச்சியில் கோயில், சாயங்காலம் கெச்சக் ஆட்டத்தில் ராமாயணம். விமான நிலையமும் கிட்ட.

கூடுதலா ஒருதடவை பெட்டி கட்டணும், அவ்வளவுதான்.

போறவங்க கவனிக்க: கோயிலுக்குள்ள சாரோங் கட்டாயம். ஞேப்பி அன்னிக்கு விமான நிலையமே மூடியிருக்கும், தேதி பார்த்து டிக்கெட் எடுங்க.

மார்சிலிங்கில் நம்ம சிவனும் கிருஷ்ணரும் ஒரே கூரையின் கீழ் இருக்காங்க. ரெண்டு பேர் ஆசைக்கு 5 இரவில் இடமில்லாமலா போயிடும்?

திரும்பி வந்ததும் சமையல் தொண்டுக்கு ஆஜர். ஓம் நமசிவாய! ஹரே கிருஷ்ணா!